கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்த அக்கா

ஏதோ ஒரு ஏழை நாட்டின் கடனைப் பணக்கார நாடுகள் தள்ளுபடி செய்துவிட்டன, இனி அந்த நாடு முன்னேறிவிடும் என்று பத்திரிகையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. செய்திக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கைகுலுக்கும் படம் இருக்கும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் என்னோடு ஓர் அறையில் இருந்த அக்கா கேட்கக்கூடிய கேள்விதான் உடனே மனத்துக்கு வரும்.

"கடைசிப் பக்கத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?"

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஒரு முறை அச்சில் அவர் பெயரைப் போட்டு, அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதினார்கள். அதற்குக் காரணம் நான். அதனால் பெயர் வேண்டாம்.

எண்பத்தாறாம் ஆண்டு குளிர்காலத்தில் அவர் எங்கள் ஹைமுக்கு வந்தார். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, வேறு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பூட்டிக் கிடந்த நெசவாலை ஒன்றின் தொழிலாளர் விடுதியைத்தான் அகதிகள் ஹைமாக மாற்றியிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேவாலயத்தில் நடந்த வகுப்புக்கு ஒழுங்காகப் போய் ஜேர்மன் படித்திருந்ததால் ஹைமில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, காலியாக இருந்த கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பொறுப்பாளர் ஹைம் விதிகள் அடங்கிய நாலு தாள்களைக் கொண்டுவந்து நீட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னார். அக்காவுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தாள்களைத் திருப்பிக் கடைசித் தாளை மேலே எடுத்து, அதன் அடியில் இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார்.

"இதை வாசிச்சுச் சொல்லும்."

நானும் முதல் வருடம் அதே தாள்களில் கையெழுத்து வைத்தவள்தான். அந்தப் பொடி எழுத்தை அன்றைக்குத்தான் வாசித்தேன். எந்த நேரத்திலும் அறைக்குள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்க்க நிர்வாகத்துக்கு நாங்கள் சம்மதிக்கிறோம் என்று இருந்தது.

"ஏலாது எண்டு சொல்லும்."

"அக்கா, எல்லாரும் வைச்சவை."

"எல்லாரும் முதல் பக்கத்தை வாசிச்சிருப்பினம். முதல் பக்கத்திலை எப்பவும் நல்லாத்தான் எழுதியிருக்கும்."

பொறுப்பாளர் கத்தினார். அக்கா அந்த ஒரு வரியைக் கோடிட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் தன் முதலெழுத்துகளை இட்டு, அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தார். அலுவலகத்தில் பழகிய கை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

கொழும்பில் நிதி தொடர்பான ஓர் அரச அலுவலகத்தில் அவர் ஆங்கிலச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தங்கள், கடனை ஒத்திவைக்கும் கடிதங்கள், தள்ளுபடிக் கடிதங்கள் எல்லாம் அவருடைய தட்டச்சு இயந்திரம் வழியாகத்தான் போயின. பிழையே விடமாட்டார் என்பதற்காக முக்கியமான கடிதங்களை அவரிடமே கொடுப்பார்களாம். அந்தப் பழக்கம் விரல்களை விட்டுப் போகவில்லை. யாராவது அவருக்குப் பிடிக்காததைப் பேசினால் முகத்தில் ஒன்றும் தெரியாது. மடியில் இருக்கும் பத்து விரல்களும் அசையத் தொடங்கும். எதிரில் இருப்பவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அடித்துக்கொண்டிருப்பார்.

அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவர்கள் வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பவை எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. சாப்பாட்டுக்குக் காசு தரமாட்டார்கள், கூப்பன் தருவார்கள். முதல் தடவை அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போனபோது, காசாளர்ப் பெண் கூடையிலிருந்து தேயிலைப் பெட்டியை எடுத்து அப்பால் வைத்தாள். கூப்பனுக்குத் தேயிலை கிடையாது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன். அக்கா கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் பனியில் நின்றபடியே சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இதை நான் அடிச்சனான்" என்றார்.

"எதை?"

"கூப்பனை."

அன்று மாலை, தேயிலை இல்லாமல் சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டு, அவர் சொன்ன கதை இது.

அவருடைய மேசைக்கு ஒரு நாள் ஒரு கட்டுத் தாள் வந்தது. முதல் பக்கத்தில் இலங்கை மக்களின் சுமையைக் குறைக்கும் நோக்கத்துடன் கடன் நிவாரணம் என்று இருந்தது. பழைய கடனைக் கட்டக் கூடுதல் காலம், வட்டியில் குறைப்பு. நல்ல விசயம்தானே என்று நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறார். கடைசியில் ஒரு பின்னிணைப்பு. மலிவு அரிசியை நிறுத்தி உணவு முத்திரை கொடுக்க வேண்டும். முத்திரையின் பெறுமதியை ரூபாயில் குறித்துவிட வேண்டும். விலை ஏறினாலும் அதை ஏற்றக்கூடாது. ஆஸ்பத்திரிகளில் காலியாகும் இடங்களை நிரப்பக்கூடாது.

"காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சரியா அடிச்சுக் குடுத்தனான். பெரியவர் 'வெரி நீட்' எண்டு சொன்னவர். அண்டைக்கு எனக்குச் சந்தோசம்."

தெமட்டகொடையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் மற்றப் பாதியில் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. புருசன் துறைமுகத்தில் நாட்கூலி. நாலு பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வருடத்துக்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது, முத்திரையில் எழுதியிருந்த ரூபாய் அப்படியே இருந்தது. அந்தத் தாய் பிள்ளைகளுக்கு மாவைக் கரைத்துக் கஞ்சி வைக்கத் தொடங்கினாள். குழாயடியில் ஒரு நாள் அக்காவிடம் கேட்டாள்.

"மிஸ், நீங்கள் அந்தக் கந்தோரிலைதானே வேலை. முத்திரைக் காசை எப்ப கூட்டுவினம்?"

கூட்டவே மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அந்த வரியை அவர்தான் அடித்தார்.

"கெதியிலை கூட்டுவினம் எண்டு சொன்னன்" என்று என்னிடம் சொன்னபோது அவருடைய விரல்கள் அசையவில்லை. இரண்டு கையையும் கோப்பையைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார். "ஒவ்வொரு மாசமும் கேட்பா. ஒவ்வொரு மாசமும் அதையே சொல்லுவன். கடைசிப் பிள்ளைக்குக் கால் வளைஞ்சு போச்சு."

எண்பத்துமூன்று ஆடியில் தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்த கும்பல் அந்த வீட்டுக்கும் வந்தபோது அவரைத் தன் சமையலறைக்குள் ஒளித்து வைத்தவள் அந்தப் பெண்தான். கும்பலில் அவளுடைய மூத்த மகனும் நின்றான்.

"பசிதான் நெருப்பு வைச்சது எண்டு சொல்ல வாறியளோ?" என்று நான் கேட்டுவிட்டேன்.

சடாரென்று திரும்பினார். "அப்பிடி ஒரு சொல்லு நான் சொன்னனானோ? பசிச்ச எல்லாரும் நெருப்பு வைக்கேல்லை. தாய்க்குப் பசியில்லையோ? அவள் என்னைக் காப்பாத்தினவள். நான் சொல்லுறதை மட்டும் கேளும். நீரா ஒண்டையும் சேர்க்காதையும், நீரா ஒண்டையும் குறைக்காதையும்."

அந்தக் கடைசி வசனத்தை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

கடனைத் தள்ளுபடி செய்வதே பிழை என்று அவர் சொன்னதில்லை. பலர் அவரை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அவர் ஆசையோடு நினைவுகூரும் ஒரு கடிதம் இருந்தது. ஒரு சின்ன ஐரோப்பிய நாடு தன் பழைய கடன் ஒன்றை முற்றாகக் கழித்துவிட்டதாக அனுப்பிய கடிதம். ஒரே ஒரு பக்கம். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தாராம், உறைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாராம். வேறொன்றும் இல்லை. அந்தத் தவணைக்கு ஒதுக்கி வைத்திருந்த காசைக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரிவில் இருந்த ஓர் அதிகாரி ஒற்றைக் காலில் நின்றார். அடுத்த வருடம் லீவில் ஊருக்குப் போகும் வழியில் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி, அப்படியொரு ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்தார். புதுத் தண்ணீர்த் தாங்கி. பிரசவ அறையில் குழாய். தாதி ஒருத்தி கைகழுவிக்கொண்டு நின்றாள்.

"அந்தக் குழாயைத் திறந்து நானும் கையைக் கழுவினன்" என்றார். அந்த ஒரு விசயத்தைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரலில் கோபம் இருக்காது. உடனே வந்துவிடும். "அதுக்கடுத்த வருசம் இன்னொரு கடனைக் கழிச்சவை. அந்த அதிகாரியை இடம் மாத்திப்போட்டாங்கள். மிஞ்சின காசிலை ஆமிக்கு ஜீப் வந்தது. வரிசையா, பச்சை ஜீப். அந்த ஜீப்பிலை வந்தவங்கள் எங்கடை சனத்தை என்ன செய்தவங்கள் எண்டு உமக்குத் தெரியும். ரெண்டும் தள்ளுபடிதான். கழிச்சால் காசு மிஞ்சும். மிஞ்சின காசு ஆற்றை கைக்குப் போகுது? அதைக் கேக்காமல் கழிக்கிறதும் ஒண்டுதான், கழிக்காமல் விடுறதும் ஒண்டுதான்."

எண்பத்தெட்டில் இந்தப் பேச்சுக்கு எங்கள் சின்ன ஊரிலும் ஆட்கள் கிடைத்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில், உலகத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பேர்லினில் கூடப்போகிறார்கள் என்று தேவாலயத்தில் ஒரு குழு கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துச் சேர்த்தது. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. எனக்கு ஜேர்மன் படிப்பித்தவரும் அவர்தான், நல்ல மனுசி. தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார். பேசுவதற்கு இரண்டு பேர். ஒருவர் அதே தேவாலயத்துக்கு வருகிற, ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய வங்கியின் வெளிநாட்டுக் கடன் பிரிவில் இருந்த அதிகாரி. மற்றவர் எங்கள் அக்கா. மொழிபெயர்ப்பு நான்.

வங்கி தன் ஆண்டறிக்கையின் ஆங்கிலப் பிரதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. அக்கா வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். இரண்டு நாள் அதோடுதான் இருந்தார்.

"ஆங்கிலத்திலை நீங்களே கதைக்கலாமே" என்றேன்.

"ஆங்கிலத்திலை நான் மற்றவை சொன்னதைத்தான் அடிச்சனான். எனக்குச் சொல்ல இருக்கிறதைத் தமிழிலைதான் சொல்லுவன்."

மண்டபம் நிறைந்திருந்தது. கேக், கோப்பி, சுவரில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் படம். முன் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எங்களுடைய கூப்பன், உதவிப்பணம், யாரை எந்த ஹைமுக்கு மாற்றுவது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சோசல் அலுவலகத்தின் அதிகாரி அவர். அடுத்த மாதம் என் அசூல் வழக்கு விசாரணைக்கு நாள் குறித்து டெர்மீன் தந்திருந்தார்கள். விசாரணைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எல்லா அதிகாரிகளும் ஒரே அதிகாரிதான்.

வங்கி அதிகாரி மென்மையாகப் பேசினார். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் கடனில் பெரும் பகுதியைத் தங்கள் வங்கி கழித்துவிட்டதாகச் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு அக்கா எழுந்தார். கையில் அந்த ஆண்டறிக்கை.

"இவர் கழிச்ச காசு திரும்பி வராது எண்டு இவையின்ரை வங்கி எப்பவோ எழுதி வைச்சிட்டுது. அந்த நட்டத்தைக் காட்டி உங்கடை அரசாங்கத்திட்டை வரியும் குறைச்சுப்போட்டினம். கடைசிப் பக்கத்திலை இருக்கு. வாசிச்சுப் பாருங்கோ. இவை தங்கடை கையிலை இருந்து ஒண்டும் குடுக்கேல்லை. செத்துப்போன கடனைப் புதைக்கிறதுக்கு அந்தச் சனத்தின்ரை சோத்தை விலையாக் கேக்கினம். நான் அந்தப் பக்கங்களை அடிச்சனான். அதிலை என்ன இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன் வரிசைப் பெண்ணும் பார்த்தார்.

நான் சொன்னது இதுதான்: "வங்கியின் முயற்சியை இவர் மதிக்கிறார். தன் நாட்டின் அனுபவத்திலிருந்து, நிபந்தனைகள் கொஞ்சம் இலகுவாக இருந்தால் மக்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறார்."

வங்கி அதிகாரி தலையாட்டினார். "நியாயமான கருத்து. ஆனால் நிபந்தனை இல்லாமல் கடனைக் கழித்தால் உங்கள் அமைச்சர்கள் அந்தப் பணத்தைத் திருடமாட்டார்கள் என்று எப்படி நம்புவது?"

அதை அப்படியே தமிழில் சொன்னேன். அக்காவின் விரல்கள் அசையத் தொடங்கின.

"நிபந்தனை போட்டும் திருடினவை. நான் அடிச்ச எந்தக் கடைசிப் பக்கத்திலையும் திருடாதை எண்டு ஒரு வரி இருக்கேல்லை. ஜீப் வாங்காதை, துவக்கு வாங்காதை எண்டு இருக்கேல்லை. அரிசியைக் குறை, மருந்தைக் குறை எண்டுதான் இருந்தது. கள்ளனை மறிக்கவோ அந்த நிபந்தனை? கள்ளனோடை பங்கு போடத்தான்!"

நான் சொன்னேன்: "ஊழல் ஒரு பெரிய பிரச்சினை என்பதை இவரும் ஒப்புக்கொள்கிறார். ஜேர்மன் மக்களின் உதவிக்கு நன்றி சொல்கிறார்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. சிலர் கண்களைத் துடைத்தார்கள். அக்கா குழம்பிப்போய் நின்றார்.

"ஏன் கை தட்டுகினம்?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்கள் சொன்னது அவைக்குப் பிடிச்சுக்கொண்டுது."

"நான் சொன்னது கை தட்டுற விசயம் இல்லையே."

யாரோ அவருக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தேவாலயச் செய்திமடல் வந்தது. அதற்குள் அக்கா ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு தானாக ஜேர்மன் படிக்கத் தொடங்கியிருந்தார். செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் அவருடைய படம், பெயர், அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள் ஒரு வசனம். நான் சமையலறையிலிருந்து வந்தபோது கட்டிலில் அகராதியோடு உட்கார்ந்திருந்தார்.

"'டாங்க்பார்' எண்டால் நன்றியுள்ள. சரியோ?"

நான் தலையாட்டினேன்.

"'ஜேர்மன் மக்களுக்கு நன்றியுள்ளவளா இருக்கிறன்.' இதை நான் எப்ப சொன்னனான்?"

"அக்கா, அந்த சோசல் மனிசி முன்னுக்கு இருந்தவ. எனக்குக் கேஸ் வருது..."

"எனக்கும் கேஸ் இருக்கு!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். "பயமெண்டால் எனக்கு மொழிபெயர்க்க ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். நான் ஆங்கிலத்திலையோ கை காட்டியோ சொல்லியிருப்பன். என்னைக் கொண்டே அவனுக்கு நன்றி சொல்ல வைச்சிட்டீரே! அந்த நாலு பிள்ளையளின்ரை தாய் இதை வாசிச்சால் என்ன நினைப்பா?"

"அவ எங்கை இதை வாசிக்கப்போறா, அக்கா?"

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஒரே அறைக்குள் இரண்டு மாதம். மார்கழியில் அவரை வேறொரு ஹைமுக்கு மாற்றும் கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் இனிப்புத் தடவிச் சொல்லியும் பேசியவரை மாற்றத்தான் செய்தார்கள். அந்தக் கடிதத்தையும் அவரே அகராதியை வைத்து வாசித்தார்.

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபம் வங்கிக்காரர் மேலா, சோசல் அலுவலகத்தின் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் விசாரணை முடிந்திருந்தது, பதில் வரவில்லை. மாசி மாதம் ஆசிரியையிடம் போய்க் குழுவின் அடுத்த கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன்.

ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். எழுந்து நின்று, அக்கா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை முழுக்கச் சொன்னேன். செத்துப்போன கடன், வரிக் குறைப்பு, அரிசி, ஜீப், கள்ளனோடு பங்கு. ஒரு சொல்லையும் விடவில்லை. நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். ஒருவர் இது மிகச் சிக்கலான விசயம், கையெழுத்து இயக்கத்தைக் குழப்பிவிடும் என்றார். ஆசிரியை அவரைக் கையமர்த்திவிட்டு, "மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். எழுதினார். மனுவில் ஒரு வரியும் சேர்த்தார்: தள்ளுபடி ஒப்பந்தங்களின் பின்னிணைப்புகளை வெளியிட வேண்டும். அந்த வரிக்குப் பிறகு குழுவை விட்டு மூன்று பேர் போய்விட்டார்கள். மனுவுக்கு மேலிடத்திலிருந்து வந்த பதிலில், பின்னிணைப்புகள் இரகசியமானவை என்று இருந்தது.

அதெல்லாம் பிறகு. கூட்டம் முடிந்த அன்றைக்கே, தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அக்காவின் ஹைமுக்கு எடுத்தேன். பேச வருவாரோ மாட்டாரோ என்று பயமாக இருந்தது. வந்தார். சொன்னேன்.

"எத்தினை பேர் இருந்தவை?"

"ஒன்பது."

"வங்கிக்காரன்?"

"இல்லை."

"அப்ப அவனிட்டைப் போய்ச் சொல்லும்." வைத்துவிட்டார்.

ஸ்டுட்கார்ட் வேறு மாவட்டம். அனுமதித் தாள் இல்லாமல் போகக்கூடாது. கேட்டால் எதற்கு என்பார்கள். கேட்காமலே திங்கட்கிழமை ரயில் ஏறினேன். வங்கியின் வரவேற்பு மேசையில் டெர்மீன் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். மதியம் அந்த அதிகாரி கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அந்தப் பளிங்குத் தரையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த அம்மா சொன்னதில் பிழையில்லை" என்றார். "ஆனால் நிபந்தனைகளை எழுதுவது நானில்லை. அவை வேறிடத்திலிருந்து வருகின்றன. நான் கையெழுத்து மட்டும்தான் வைக்கிறேன். அவரும் தட்டச்சு மட்டும்தானே செய்தார்? அவருக்கு விளங்கும்." தொப்பியைத் தொட்டு எனக்கு மரியாதை செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த மரியாதையை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் ரயிலில் பொலிஸ் ஏறியது. என்னுடைய தாள்களைப் பார்த்தார்கள். அபராதம் எழுதினார்கள். மாதாமாதம் கைச்செலவுக்குத் தரும் சின்னத் தொகையிலிருந்து வெட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

மறுநாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த ஆள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஓம்" என்றார். "அவன் சொல்லுறது சரி. அதுதானே எனக்குக் கோவம். நான் அடிக்க ஏலாது எண்டு சொல்லேல்லை. வேலை போயிருக்கும். வேறை ஒருத்தி வந்து அடிச்சிருப்பாள். ஆனா நான் சொல்லேல்லை. குழாயடியிலை நிண்டு அந்த மனிசிக்குப் பொய் சொன்னனான்."

நான் அழுதேன்.

"அழாதையும், காசு ஓடுது. உம்மைப் பிடிச்சவங்களோ?"

"ஓம்."

"எவ்வளவு எழுதினவங்கள்?"

சொன்னேன்.

"பாதி என்ரை. நான்தானே உம்மைப் போகச் சொன்னனான். வேண்டாம் எண்டு சொல்லாதையும்."

அவருக்கும் கைச்செலவுக் காசு எனக்கு வருவதுபோலத்தான் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாத முதல் வாரமும் அவரிடமிருந்து ஓர் உறை வரும். உள்ளே ஒரு காகிதத்தில் சுற்றிய நாணயங்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகையில் அவருடைய அன்ட்ராக்கை, அசூல் விண்ணப்பத்தை, நிராகரித்தார்கள். தமையன் ஒருவர் கனடாவில் இருந்தார். அங்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முந்தின வாரமும் உறை வந்தது. அதோடு அவருடைய பாதி முடிந்திருந்தது. காகிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.